லாரி கட்டியவன் வீட்டுப் படகு

ஏப்ரல் 19, சனி

இந்த டைரி நாமக்கல்லில் ஒரு டயர் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. மூன்று மாதமாக ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்றுதான் அதற்குப் பதவி உயர்வு.

எல்லாம் என் மகள் திலகவதியின் உத்தரவு. "தினமும் ஷெட்டுல என்ன வேலை நடந்துச்சுன்னு எழுதி வைங்கப்பா. எத்தனை நாள் மிச்சம்னு எனக்குத் தெரியணும்" என்றாள். அவள் டீச்சர். நான் பத்தாம் வகுப்பைக் கணக்கில் கோட்டைவிட்டு மறுமுறை எழுதித் தேறியவன். இந்த வீட்டில் டீச்சரை எதிர்த்துப் பேசும் வழக்கம் இல்லை.

வேலை இதுதான்: பன்னிரண்டு அடியில் ஒரு மரப்படகு. வீட்டோரத்து ஷெட்டில். ஜூன் 2, பள்ளிக்கூடம் திறக்கும் நாளுக்குள்.

நாளைக்கு எவராவது படித்தால் விளங்க வேண்டுமே, விவரமாகவே எழுதுகிறேன். எங்கள் ஊர் புங்கந்துறை, அணைத் தண்ணீரின் இந்தக் கரை. திலகாவுக்கு வேலை அந்தக் கரையில், ஒட்டப்பாறை தொடக்கப் பள்ளியில். பள்ளியின் வெள்ளைச் சுவர் இங்கிருந்தே தெரியும். தண்ணீர் மேல் ஒன்றரை கிலோமீட்டர். சாலை வழி நாற்பத்திரண்டு. மூன்று பஸ் மாறி, கடைசி ஐந்து கிலோமீட்டர் பாறைப் பாதையில் நடை. ஸ்கூட்டியில் போகலாம் என்றால் நடுவே யானைக் காடு, சோதனைச் சாவடியில் எட்டு மணிக்கு முன்னால் இரு சக்கர வண்டியை விடமாட்டார்கள். இத்தனை நாள் மாரப்பன் மோட்டார் படகில் போய் வந்தாள். மாரப்பன் பிப்ரவரியில் படகை விற்றுவிட்டு மகனோடு திருப்பூர் போய்விட்டார். அன்றிலிருந்து பஸ்தான். ஒன்பதுக்கு இருக்க வேண்டியவள் பதினொன்றுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

கல்வி ஆபீசில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். ஜூன் 2 முதல் ஒன்பதுக்கு இருக்க முடியாது என்றால் மாறுதலுக்கு எழுதிக் கொடு. அவள்தான் அந்தப் பள்ளிக்கு ஒரே டீச்சர். அவள் போனால் பதினொரு பிள்ளைகளையும் காட்டுக்கு அப்பால் ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். யார் நடப்பார்கள்?

"எழுதிக் குடுத்துரு சாமி, மேச்சேரி பக்கம் கெடச்சா வீட்டுல இருந்தே போலாம்" என்று நல்லவிதமாகத்தான் சொன்னேன்.

"நாமளே ஒரு போட் கட்டலாம்ப்பா" என்றாள்.

நான் நாமக்கல்லில் இருபத்தெட்டு வருஷம் லாரிக்கு மரப் பாடி கட்டியவன். ஏறக்குறைய எழுநூறு லாரி. ஒன்றுகூட மிதந்ததில்லை. தண்ணீர் மட்டும் எனக்குப் புதிதல்ல. வாலிபத்தில் இக்கரையிலிருந்து அக்கரைக்கு நீந்தியவன் என்பது ஊரறிந்தது. இதைச் சொன்னபோது என் மனைவி ருக்குமணிக்கு இருமல் வந்தது.

ஏப்ரல் 22, செவ்வாய்

தண்ணீருக்குத் தாங்கும் பிளைவுட் நாலு ஷீட் வந்து இறங்கியது. திலகா நேற்று முழுக்கப் பழைய செய்தித்தாளை ஒட்டி, பலகையின் உருவத்தை முழு அளவில் வெட்டி வைத்திருந்தாள். இணையத்தில் யாரோ ஒரு ஆள் செய்து காட்டியதை இருபது தடவை பார்த்து, அடியை அங்குலமாக்கி, அங்குலத்தைச் செண்டிமீட்டராக்கி நோட்டில் எழுதியிருக்கிறாள். ஒரு கோடுகூடத் தடுமாறவில்லை.

எனக்குத்தான் விளங்கவில்லை. லாரியில் எல்லாம் மூலைமட்டம். இதில் ஒரு நேர்க்கோடு கிடையாது. பலகை மீன் வயிறு மாதிரி இருக்கிறது. "இந்தத் தட்டைப் பலகை எப்படிக் கண்ணு குழிவாகும்?" என்றேன்.

ருக்குமணி பிளவுஸ் தைப்பவள். கையில் இருந்த துணியை ஓரமாக வைத்துவிட்டு வந்து, செய்தித்தாளை ஒரு பார்வை பார்த்தாள். "டார்ட் புடிக்கிறதுதானுங்க. ஓரத்த வளைச்சு வெட்டிச் சேத்துத் தெச்சா உடம்பு தானா வந்துரும். இதுல என்ன இருக்குது?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இருபத்தெட்டு வருஷ அனுபவம் ஒரு பிளவுஸில் அடங்கியது.

ஏப்ரல் 27, ஞாயிறு

பித்தளை ஸ்க்ரூ வாங்க மேட்டூர் போனேன். கிடைக்கவில்லை. அமாவாசை வேறு.

ஏப்ரல் 28, திங்கள்

கொளத்தூர் போனேன். ஸ்க்ரூ இருந்தது. அளவு மனசுக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

மறுபடி மேட்டூர். கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். காத்திருக்கவில்லை.

ஏப்ரல் 30, புதன்

என் பழைய மரப்பெட்டியின் அடித்தட்டிலிருந்து திலகா அரைக் கிலோ பித்தளை ஸ்க்ரூவை எடுத்து வைத்தாள். நான் ஆச்சரியப்பட்டேன். போதுமான அளவு ஆச்சரியப்பட்டேனா தெரியவில்லை, அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 6, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

பலகை ஓரம் முழுக்க நாலு விரற்கடைக்கு ஒரு சின்னத் துளை. அதில் செம்புக் கம்பியைக் கோத்து, அடிப்பலகையையும் பக்கப்பலகையையும் தைக்க வேண்டும். ஆமாம், தைக்க. மோட்டார் காயில் கட்டும் கடையிலிருந்து திலகா கம்பி வாங்கி வந்திருந்தாள். உள்ளேயிருந்து திலகா கோக்க, வெளியேயிருந்து ருக்குமணி குறட்டால் முறுக்கினாள். என் வேலை கம்பி வெட்டிக் கொடுப்பது. இருநூற்றுப் பதினாலு தையல்.

காலையில் பலகை பாயைப் போலத் தரையில் படுத்துக் கிடந்தது. மத்தியானம் வரைக்கும் அது அலங்கோலமாகத்தான் இருந்தது. நான் உள்ளுக்குள், சரி, இதோடு முடிந்தது, மேச்சேரிதான் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று மணிக்கு ருக்குமணி படகின் மூக்குப் பக்கத்துக் கடைசித் தையலை இறுக்கினாள். "அம்மா, மெதுவா... இன்னும் அரைச் சுத்து" என்றாள் திலகா. பலகை ஒரு முனகு முனகியது. பிறகு இரண்டு பக்கமும் தானாக எழுந்து, வெளியே சாய்ந்து, வளைந்து, மூக்கில் ஒன்று சேர்ந்தன. யாரும் அதைத் தொடவில்லை. ஷெட்டுக்குள் ஒரு படகு நின்றுகொண்டிருந்தது.

நான் மரம் வளைத்திருக்கிறேன். நெருப்புக் காட்டி, தண்ணீர் ஊற்றி, நாலு பேர் ஏறி மிதித்து, ஆளுக்கு ரெண்டு கெட்ட வார்த்தை சொல்லி வளைத்திருக்கிறேன். திலகா ஒரு கெட்ட வார்த்தை சொல்லாமல் வளைத்துவிட்டாள். குனிந்து, ஒரு கண்ணை மூடி, மூக்கிலிருந்து வால்வரை பார்த்தாள். "ரெண்டு மில்லி இடது பக்கம் ஏறியிருக்குப்பா" என்றாள். டேப் வைத்து அளந்தேன். ரெண்டு மில்லி.

என் முதலாளி இவளைப் பார்த்திருந்தால் என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.

மே 9, வெள்ளி

பலகையைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் நாலும் காணோம். பக்கத்து ஊர்த் தச்சருக்கு இரவல் கொடுத்த ஞாபகம். போய்க் கேட்டேன். அவருக்கு அந்த ஞாபகம் இல்லை.

மே 10, சனி

கிளாம்ப் தேடினேன். மாட்டுத் தீவன மூட்டைக்குப் பின்னால் கிடைத்தது. யார் அங்கே வைத்தார்களோ.

மே 11, ஞாயிறு

"அக்னி நட்சத்திரம் முடியட்டும் சாமி. கத்திரி வெயில்ல கட்டட வேல ஆகாதும்பாங்க" என்றேன்.

"வீடுதானுங்க கட்டக் கூடாது" என்றாள் ருக்குமணி, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே. "படகுக்கு எந்தப் பஞ்சாங்கத்துல போட்டிருக்குது? கொண்டாங்க பாக்கலாம்."

உள் மூலைகளுக்கு ரெசினில் மரத்தூள் குழைத்துப் பூசும் வேலை நடந்தது. அதன்மேல் ஃபைபர் துணி. பசை இருபது நிமிஷத்தில் இறுகிவிடும், அதற்குள் முடிக்க வேண்டும். திலகா செல்போனில் மணி வைத்துக்கொண்டு, கேக்குக்குக் க்ரீம் தடவுகிறவள் மாதிரி கரண்டி முதுகால் ஒரே இழுப்பாக இழுத்தாள். எனக்கு ஒரு மூலை கொடுத்தாள். என்னுடையது உளுந்தவடை மாதிரி வந்தது.

மே 17, சனி

நாலு நாளாக எமரித் தாள் போட்டுத் தேய்க்கிறேன். வேலை சுத்தமாக இருக்க வேண்டாமா?

பக்கத்து வீட்டுப் பொன்னுரங்கம் வந்தார். நாற்பது வருஷமாக இந்தத் தண்ணீரில் வலை போடுகிறவர். படகைச் சுற்றி வந்து, தட்டிப் பார்த்து, "ஏம்ப்பா மாதையா, பின்னாடி 'ஒலி எழுப்பவும்'னு எழுதலியா?" என்றார். பிறகு திலகாவைப் பார்த்துக் குரலை மாற்றிக்கொண்டார். "நல்லாத்தான் கட்டியிருக்கறே அம்மணி. காலைல தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கும், பயமில்ல. சாயங்காலம் மட்டும் காத்த மூஞ்சில வாங்கிப் பாரு, வெள்ளையா நொர கெளம்புனா அன்னைக்கு அந்தப் பக்கமே தங்கிரு."

"சரிங்கண்ணா" என்று நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அவர் கிளம்பும்போது வாசல்வரை போய், படகு கவிழ்ந்தால் என்ன ஆகும் என்று சும்மா கேட்டேன். லைஃப் ஜாக்கெட் போட்டால் மிதப்பார்கள் என்றார். போட்டும் கவிழ்ந்தால் என்று சும்மா கேட்டேன். ஐந்து தடவை சும்மா கேட்டதும், "ஏம்ப்பா, நீ அக்கரைக்கு நீந்துனவன்தானே?" என்றார். எனக்கு எமரித் தாள் வேலை ஞாபகம் வந்துவிட்டது.

மே 20, செவ்வாய்

முதுகு வலி. படுத்திருந்தேன்.

மே 21, புதன்

முதுகு வலி. திலகா காலையில் தைலம் தேய்த்துவிட்டுத் தனியாக ஷெட்டுக்குப் போனாள்.

படுத்துக்கொண்டே கேட்டேன். சத்தத்திலேயே எல்லாம் தெரிகிறது. இழைப்புளி ஒரே சீராக ஓடுகிறது, நடுவில் திக்கவில்லை. சுருள் அறுபடாமல் வருகிறது என்று அர்த்தம். ஸ்க்ரூ முடுக்குகிறாள். கடைசிச் சுற்றில் அவசரப்படாமல் நிறுத்துகிறாள். இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. என்னோடு வேலை செய்த ஆட்களில் பாதிப் பேருக்கு அந்தக் கடைசிச் சுற்று கடைசிவரை வரவில்லை.

எழுந்து போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இரண்டு உட்காரும் பலகையும் பொருத்தி முடித்துவிட்டாள். தலைமுடியெல்லாம் மரத்தூள். கொஞ்ச நேரம் நின்றேன். முதுகு வலிக்கவில்லை.

கடைசி வரியை எழுதியிருக்கக் கூடாது. பேனாவில் எழுதியதால் அழிக்க முடியவில்லை.

மே 27, செவ்வாய்

இன்று என் வாழ்க்கையில் மறக்க முடியாத நாள். யாரும் மறக்க விடவும் மாட்டார்கள்.

திலகாவுக்கு ஆபீசில் கூட்டம். காலையிலேயே போய்விட்டாள். படகு முடிந்துவிட்டது. அடியில் நீலம், மேலே வெள்ளை, விளிம்பில் சிவப்புக் கோடு. பெயிண்ட் நன்றாகக் காய்ந்திருந்தது. என்னிடம் விட்டுப்போனது ஒரே வேலை: துடுப்பை மாட்டும் கொண்டிகளை முடுக்கி, உள்ளே துடைத்து வைக்க வேண்டும்.

முடுக்கினேன். துடைத்தேன். நல்ல காற்று. படகைப் பார்த்தால் எனக்கே பெருமையாக இருந்தது. வாயில் ஏதோ பாட்டுக்கூட வந்தது.

லாரி பாடியில் கடைசி வேலை என்று ஒன்று உண்டு. எல்லாம் முடிந்து, பெயிண்டும் காய்ந்த பிறகு, தளப்பலகையின் நாலு மூலையிலும் அரை அங்குலத்துக்கு ஒவ்வொரு ஓட்டை போட வேண்டும். மழைத் தண்ணீர், கழுவிய தண்ணீர் எதுவும் தேங்காமல் கீழே வடிந்துவிடும். தண்ணீர் தேங்கினால் மரம் மக்கும். அந்த நாலு ஓட்டையும் போட்டால்தான் லாரி முடிந்தது என்று கணக்கு. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு லாரியைக்கூட அந்த ஓட்டை இல்லாமல் நான் அனுப்பியதில்லை.

மேலே எழுத வேண்டுமா?

நாலும் அருமையாக விழுந்தன. அரத்தால் ஓரம் மழித்தேன். தூளை ஊதிவிட்டு, இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன். திருப்தியாக இருந்தது. உள்ளே போய்க் காபி கேட்டேன்.

நாலு மணிக்குத் திலகா வந்தாள். பையைக்கூட இறக்கவில்லை, நேராக ஷெட்டுக்குப் போனாள். நானும் காபித் தம்ளரோடு பின்னாலேயே போனேன். அவள் படகுக்குள் குனிந்து பார்த்தபடி நின்றிருந்தாள்.

"இது என்னப்பா?"

"தண்ணி நிக்காது சாமி. உள்ள ஒரு சொட்டு வந்தாலும் கீழ போயிரும்" என்று விளக்கம் சொன்னேன். ஆண்டவன் மேல் ஆணையாக, சொல்லி முடிக்கும்வரை எனக்குத் தெரியவில்லை.

ருக்குமணி வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "கீழ போயிருமாமா! ஏனுங்க, கீழ எங்கீங்க போவும்? கீழ இருக்கறதே தண்ணிதானுங்களே!"

திலகா சிரிக்கவில்லை. ஒவ்வொரு ஓட்டையிலும் விரலை விட்டுப் பார்த்தாள்.

"ஸ்க்ரூ கெடைக்கல. கிளாம்ப் காணோம். முதுகு வலி. அதெல்லாம் சரிப்பா. இதுவும் மறதியா?"

"சத்தியமா பழக்கத்துல..."

"ஆறு நாள்தான் இருக்கு" என்றாள். குரல் உடைந்துவிட்டது. ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு நான் அந்தக் குரலைக் கேட்டதில்லை. "உங்களுக்குப் புடிக்கலன்னா நேரா சொல்லியிருக்கலாம்ல?"

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நாற்பது நாள் நான் செய்த ஒரே நேர்மையான தவறு இது. இதைத்தான் யாரும் நம்பவில்லை.

மே 28, புதன்

காலையில் டைரியைத் திறந்தால் சிவப்பு மை. கூட்டிக் கழித்து, நேற்றைய பக்கத்தின் அடியில், வகுப்பு நோட்டுக்குப் போடுவது மாதிரி எழுதியிருக்கிறாள்:

*ஸ்க்ரூ 3 நாள். கிளாம்ப் 2. எமரித் தாள் 4 (அரை நாள் போதும்). முதுகு 2. ஆக 11 நாள். 21-ஆம் தேதி கடைசி வரி பார்த்தேன்.*

ஏப்ரல் 27-இல் எழுத்துப் பிழை ஒன்றையும் திருத்தியிருந்தாள்.

ஷெட்டுக்குப் போனேன். அவள் ஓட்டைகளின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், நேராக விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு நீச்சல் தெரியாது சாமி."

அவள் நிமிரவில்லை. "தெரியும்ப்பா."

"அக்கரைக்கு நீந்துனதெல்லாம்..."

"நாலாவது படிக்கிறப்பவே அம்மா சொல்லிட்டாங்க. கல்யாணமான மூணாம் நாள் பரிசல்ல போனப்ப அவங்க முந்தானைய ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டு 'இறக்கி விடு, இறக்கி விடு'ன்னீங்களாமே."

இருபத்தெட்டு வருஷம் காப்பாற்றிய மானம். அதைக் காப்பாற்றியது நான் இல்லை, இவர்கள் இரண்டு பேரும்தான் போலிருக்கிறது.

"அதனாலதான் நீ பொன்னுரங்கத்துகிட்ட நீச்சல் பழகுனியா?"

"நம்ம வீட்ல ஒருத்தருக்காச்சும் தெரியணுமில்ல?"

அவள் அடுத்த ஓட்டைக்கு நகர்ந்து சுரண்டினாள். பிறகு நானே சொன்னேன். "தண்ணின்னாவே எனக்குப் பயம் சாமி. நீ அது மேல தெனமும் ரெண்டு தடவ போவேன்னா நான் எப்படி ஸ்க்ரூ எடுத்துக் குடுப்பேன்?"

சுரண்டுவதை நிறுத்தினாள். "பயமா இருக்குன்னு சொல்றதுக்குப் பதினொரு நாளாப்பா?"

"மறுமுறை எழுதித் தேறுனவன்தானே நான்" என்றேன். அப்போதுதான் சிரித்தாள். உடனே நிறுத்திக்கொண்டு, "ஓட்டை?" என்றாள்.

"ஓட்டை மட்டும் நெஜமாவே மறதி."

"அதத்தான் நம்பவே முடியல" என்றாள். ஆனால் உளியை என் கையில் கொடுத்தாள்.

மே 29, வியாழன்

நாலு ஓட்டைக்கும் தேக்கில் ஆப்பு கடைந்தேன். தலைமுடி நுழைய இடம் இல்லை. ரெசின் ஊற்றி அடித்து இறக்கி, உள்ளும் புறமும் இரண்டு மடிப்பு ஃபைபர் துணி. திலகா தடவிப் பார்த்து, "எங்க இருந்துச்சுன்னே தெரியலப்பா" என்றாள். முப்பது வருஷத்தில் எனக்குக் கிடைத்த பெரிய நற்சான்று.

எமரித் தாள்: அரை நாள்.

மே 31, சனி

பெயிண்ட் காய்ந்தது. வெள்ளோட்டம்.

ஆறு பேர் தூக்கிக் கொண்டுபோய் இறக்கினோம். மிதந்தது. இப்படி ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன், ஆனால் என் கையால் தொட்ட மரம் ஒன்று தண்ணீர் மேல் இலை மாதிரி அசைந்து நின்றது இதுவே முதல் தடவை. திலகாவும் பொன்னுரங்கமும் ஏறினார்கள். நான் லாரித் தார்ப்பாய் கட்டும் கயிறு அறுபதடி கொண்டுபோய் படகின் வாலில் கட்டி, மறுமுனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு கரையில் நின்றேன்.

"கயித்த விடுங்கப்பா!"

"இன்னும் பத்தடி இருக்குது!" என்று இன்னொரு கயிற்றை முடிச்சுப் போட்டேன்.

அதுவும் முடிந்தது. என் பார்வை முழுக்க அந்த முடிச்சின்மேல்தான். படகில் யார் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள், யார் துடுப்புப் போட்டார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. "யோவ், படகக் கட்டியிருக்கியா, எருமையக் கட்டியிருக்கியா?" என்று பொன்னுரங்கம் கத்தினார். கரையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ருக்குமணி வந்து என் இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

ஜூன் 1, ஞாயிறு

யோசித்தேன். நாளைக் காலை கரையில் நின்று, அவள் முதுகு சின்னதாகிச் சின்னதாகிப் புள்ளியாவதை என்னால் பார்க்க முடியாது. போவதைத்தான் பார்க்க முடியாது. வருவதைப் பார்க்கலாம். முகம் பெரிதாகிக்கொண்டே வந்தால் எவ்வளவு நேரமும் நிற்பேன். அதற்கு நான் அந்தக் கரையில் இருக்க வேண்டும்.

திலகாவிடம், பழைய முதலாளி வீட்டில் காதுகுத்து, நாமக்கல் போகிறேன் என்றேன். துடுப்புக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள் ஒரு நிமிஷம் கையை நிறுத்தினாள். "நாளைக்கா?" என்றாள். பிறகு, "சரிப்பா" என்றாள். அந்த 'சரிப்பா'வைச் சுமந்துகொண்டு பன்னிரண்டரை மணிப் பஸ் ஏறினேன்.

முதல் பஸ்ஸில் உட்கார இடம் இல்லை. இரண்டாவதுக்கு ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தேன். மூன்றாவது காட்டுக்குள் என்னை இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனது. பிறகு பாறை. ஐந்து கிலோமீட்டரில் மூன்று இடத்தில் உட்கார்ந்தேன், ஒரு இடத்தில் விழுந்தேன். ஒட்டப்பாறை வந்தபோது மணி ஆறு.

இதை என் மகள் இரண்டு மாதம் செய்திருக்கிறாள். தினமும். போகவும் வரவும். வீட்டுக்கு வந்து ஒருநாளாவது கால் வலிக்கிறது என்று சொன்னாளா? "கொஞ்சம் லேட்டாயிருச்சும்மா" என்பாள், அவ்வளவுதான். நான் முதுகு வலி என்று படுத்து அவள் கையால் தைலம் தேய்த்துக்கொண்டவன்.

டீச்சரின் அப்பா என்றதும் ஊரே வந்துவிட்டது. மூன்றாம் வகுப்புக் கோகிலாவின் அம்மா சின்னப்பொண்ணு களியும் கீரையும் போட்டாள். "நாளைக்கு டீச்சர் வருவாங்களாங்க?" என்று மூன்று தடவை கேட்டாள். "வரலீன்னா சொல்லிப்போடுங்க. நாங்க காப்பித் தோட்டத்துக்குப் போறப்ப இவளையும் கூட்டிக்கிட்டுப் போயிருவோம். இங்க யாரை நம்பி உட்டுட்டுப் போறது?" கோகிலா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வருவாங்க" என்றேன். பள்ளித் திண்ணையில் பாய் போட்டுக் கொடுத்தார்கள்.

ஜூன் 2, திங்கள்

7.30

கரையில் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. பதினொரு பிள்ளைகளும் வந்தாயிற்று, எண்ணெய் வைத்துச் சீவி, பையோடு. எங்கள் ஊர்க் கரை ஒரு பச்சைக் கோடாகத் தெரிகிறது. படகு தெரியவில்லை.

8.05

கோகிலாதான் முதலில் பார்த்தாள். எனக்குத் தெரியவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். தெரிகிறது.

பிற்பகல் 3.40

காலையில் நடந்ததை இப்போதுதான் எழுத முடிகிறது.

புள்ளி பெரிதானது. வெள்ளை தெரிந்தது, சிவப்புக் கோடு தெரிந்தது, ஆரஞ்சு ஜாக்கெட் தெரிந்தது. முகம் தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். இன்னும் கிட்டே வந்தது. அப்போதும் முகம் இல்லை. பின்னல்தான் தெரிந்தது.

"டீச்சர் ஏன் முதுகக் காட்டிக்கிட்டு வர்றாங்க?" என்றான் ஒரு பொடியன்.

அப்போதுதான் உறைத்தது. இரண்டு துடுப்புப் போட்டு வலிக்கிறவர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். நாற்பது நாள் படகு கட்டிய எனக்கு இது தெரியாது. முகம் பார்க்க நாற்பத்திரண்டு கிலோமீட்டர் சுற்றி வந்தவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வீட்டுக் கரையிலேயே நின்றிருந்தால் கடைசிவரை அவள் முகம் என் பக்கம் இருந்திருக்கும்.

சிரிப்பு வந்தது. அதற்குள் பிள்ளைகள் கத்தினார்கள். கரைக்கு முப்பதடியில் தண்ணீருக்குள் ஒரு பாறை. மேலே பாசி மட்டும் தெரிந்தது. படகு நேராக அதை நோக்கி வந்தது. அவளுக்கு முதுகுப் பக்கம் கண்ணா இருக்கிறது?

நான் எப்போது தண்ணீரில் இறங்கினேன் என்று தெரியவில்லை. முழங்காலுக்கு மேல் வேட்டி நனைந்திருந்தது. "திலகா! எடது கை நிறுத்து! வலது கைய இழு! பாறை! இன்னும் இழு... இழு சாமி... அவ்வளவுதான், நேரா வா!" லாரியைப் பின்னுக்கு எடுக்கும்போது கத்துகிற அதே கத்தல். அதுதான் எனக்குத் தெரியும்.

வலது துடுப்பு இரண்டு இழுப்பு இழுத்தது. படகு பாறையை ஒரு முழ இடைவெளியில் தாண்டியது. அதற்குப் பிறகுதான் அவளுக்குக் குரல் யாருடையது என்று எட்டியது போலிருக்கிறது. துடுப்பை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"அப்பா?"

படகின் மூக்கைப் பிடித்துக் கரைக்கு இழுத்தேன். இறங்கினாள். முகமெல்லாம் வேர்வை.

"முழு வழியும் அந்தக் கரையவே பாத்துக்கிட்டு வந்தேன்ப்பா. அம்மா மட்டும்தான் நின்னுட்டிருந்தாங்க. நீங்க நெஜமாவே போயிட்டீங்கன்னு நெனச்சேன்."

"காதுகுத்து இங்கதான்" என்றேன்.

அவள் என் நனைந்த வேட்டியைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள், கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "எட்டு நாப்பத்தொண்ணு. கையெழுத்துப் போட்டுட்டு வந்து உங்களப் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். பதினொரு பிள்ளைகளும் பின்னால் ஓடினார்கள். கோகிலா எல்லோருக்கும் முன்னால்.

பகல் முழுக்க ஒன்றாம் வகுப்புப் பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்டேன். கழித்தல் கணக்கில் கடன் வாங்குவதை அவள் சொல்லிக் கொடுத்தாள். எனக்கு முதல் தடவையாக விளங்கியது.

4.25

பள்ளிக்கூடம் விட்டாயிற்று. எனக்குப் பஸ் இருக்கிறது, ஐந்து கிலோமீட்டர் நடந்தால் போதும் என்று சொல்லிப் பார்த்தேன். திலகா படகுக்குள் குனிந்தாள். உட்காரும் பலகைக்கு அடியிலிருந்து இரண்டாவது ஜாக்கெட்டை எடுத்து நீட்டினாள். என் அளவு. எப்போது வாங்கினாளோ.

காற்றை முகத்தில் வாங்கிப் பார்த்தாள். நுரை இல்லை, சின்ன மடிப்புதான், போகலாம் என்கிறாள். ஜாக்கெட் வாரைக் கோகிலா இறுக்கிக் கட்டிவிட்டாள். இப்போது படகின் வால்பலகையில், மகளுக்கு எதிரே, உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். படகு இன்னும் கரையில்தான் இருக்கிறது. ஆனாலும் ஆடுகிறது. அவள் முகம் ரெண்டடியில் இருக்கிறது. "டைரிய உள்ள வைங்கப்பா, போலாம்" என்கிறாள்.

இதோடு நிறுத்துகிறேன். பிடித்துக்கொள்ள இரண்டு கையும் வேண்டியிருக்கிறது.